சென்னைக்குத் தேவையில்லை

பட்டியலில் ஐந்தே வரிகள். ஜானட் அதை நான்காவது முறையாகப் படித்தாள். ஹாம்பர்க், மூன்று நிமிடம். ராட்டர்டாம், மூன்று நிமிடம். சாண்டோஸ், முப்பத்து மூன்று. டர்பன், இருபத்தாறு. சென்னை, நான்கு. கடைசிக் கட்டத்தில் சாண்டோஸுக்கும் டர்பனுக்கும் நேராகப் பச்சை எழுத்தில் ‘புதிய கிடங்கு தேவை’ என்றிருந்தது. சென்னைக்கு நேராகச் சாம்பல் நிறத்தில் ‘தேவையில்லை’.

யாரும் தவறாக அளந்துவிடவில்லை. அளக்கும் நிரலை எழுதியவளே ஜானட்தான்.

துறைமுகங்களில் எந்தக் கன்டெய்னரை எங்கே அடுக்குவது, எதை முதலில் கப்பலேற்றுவது என்று சொல்லும் மென்பொருளைச் செய்கிற கம்பெனி அது. தலைமை அலுவலகம் ஹாம்பர்க்கில். சென்னைக் கிளை, ராயபுரத்தில் ஒரு பழைய ஷிப்பிங் ஏஜென்டின் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் நாற்பத்திரண்டு பேருடன் இருந்தது. ஒரு பொறியாளர் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினாலும், மென்பொருள் முழுவதையும் மறுபடி கட்டியெழுப்பித்தான், அதாவது ஒரு பில்ட் ஓடவிட்டுத்தான், சரியா தப்பா என்று பார்க்க முடியும். ஒன்பதாயிரம் பாகங்கள். அவற்றில் மாறாத பாகங்களை வேறு யாராவது ஏற்கெனவே செய்து வைத்திருப்பார்கள். அப்படிச் செய்தவற்றையெல்லாம் சேர்த்து வைக்கும் இடத்துக்குத்தான் பில்ட் கேஷ் என்று பெயர். ராயபுரத்தில் அதைக் கிடங்கு என்றே சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் கிடங்குகளின் கூரைதான் தெரியும், அதனால் ஒட்டிக்கொண்ட பேர். அந்தக் கிடங்கு ஜெர்மனியில் இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கே போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும்.

உலகத்துக்கே ஒரு கிடங்கு என்பதை மாற்றி, ஆட்கள் இருக்கும் பக்கமெல்லாம் ஒன்று வைப்பது என்று இந்த வருடம் முடிவாகியிருந்தது. முதல் கட்டமாக இரண்டு. எந்த இரண்டு என்பதை ஒவ்வொரு ஊரிலும் ஒரு பில்ட் முடிய ஆட்கள் காத்திருக்கும் நேரம் சொல்லட்டும் என்று யோசனை சொன்னவளும் ஜானட். அன்று புதன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பட்டியல் உறுதியாகிவிடும்.

சென்னையின் நான்கு நிமிடத்துக்கான காரணம், ஹாலின் கோடியில் டில்லிபாபுவின் மேசைக்கடியில் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன், புயல் மழை அடித்த ஒரு வாரத்தில் இணையம் நூலாக இளைத்துப்போனது. கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் டில்லிபாபு, கழித்துக் கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்து வந்தான். ஜெர்மனியிலிருந்து ஒரு பாகம் ஒருமுறை வந்தால் போதும், அது இங்கேயே தங்கிவிடும். அடுத்துக் கேட்பவர் மேசைக்கடியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்யாத கம்ப்யூட்டரில் கம்பெனியின் பாகங்களை வைக்கக் கூடாது என்பது விதி. ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தன் பெயரில் கிடங்கின் அனுமதிச் சாவி எடுத்துக் கொடுத்தது ஜானட். ஒரு வாரம் நான்கு வருடமாகிவிட்டது. அதற்கு ‘டப்பா’ என்று பேர் வந்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே பாத்ரூம் எங்கே, டீ எங்கே, டப்பா எங்கே என்று காட்டிவிடுவார்கள். எந்த மின்னஞ்சலிலும் யாரும் அதைப் பற்றி எழுதியதில்லை.

புதிய ஏற்பாட்டில், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, பதிவு செய்த இயந்திரங்களுக்கு மட்டுமே கிடங்கு கதவைத் திறக்கும். டப்பா அன்றைக்கு ஊமையாகிவிடும். அப்போது நாற்பத்திரண்டு பேரும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஜெர்மனி வரை போய் வர வேண்டியதுதான்.

மறந்துவிட்டேனா என்று ஜானட் தன்னையே கேட்டுக்கொண்டாள். மறந்தேன் என்றால் அது பொய். மாதா மாதம் அந்த நான்கை அவள் பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. கூட்டங்களில் சாண்டோஸ்காரர்கள் புலம்புவார்கள், டர்பன்காரர் பெருமூச்சு விடுவார். சென்னை எப்படி என்று கேட்டால் அவள் ‘எங்களுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறோம்’ என்பாள். அதைச் சொல்லும்போது ஒரு ருசி இருந்தது. கான்வென்ட் நாள் முதலாக அவளுக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அந்த ஒன்றுக்குத்தான்: ஜானட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. முப்பத்தாறு வயதில் அந்த நல்ல பேர் ஒரு கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது.

டில்லிபாபுவை மாடிப்படிக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவன் காத்திவாக்கத்துக்காரன், எந்தச் செய்திக்கும் முதலில் அசர மாட்டான். டப்பாவைக் கழற்றிவிட்டு ஒரு நாள் அளக்கலாம் என்ற யோசனை அவனுக்கே சட்டென்று வந்தது. அதற்கு மேல்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

“நம்பரை மட்டும் அனுப்பு. பொட்டியப் பத்தி இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?”

“நாலு நிமிஷம் திடீர்னு நாப்பது ஆச்சுன்னா ஏன்னு கேக்க மாட்டாங்களா?”

“நெட்டு பேஜாருன்னு சொல்லு. நம்ம ஏரியாவப் பத்தி இன்னா சொன்னாலும் நம்புவானுங்க.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகு, அது உண்மை என்பதுதான் பிடிக்காமல் போனது.

“ஜானட்டு, நீ டீம் லீடு. உனுக்குத் திட்டோட போயிரும். எனுக்குச் சீட்டு கிழிஞ்சிரும்,” என்றான் அவன். இந்த முறை குரலில் விளையாட்டு இல்லை.

உன் பேர் வராது என்றாள். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று மாலை திருவொற்றியூர் வீட்டுக்குள் நுழைந்தபோது சோபாவில் அறிமுகமில்லாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் படிவக் கட்டு, எதிரே டீயும் தட்டில் பிஸ்கட்டும். மாமியார் ஆலிஸ் எதிர் நாற்காலியில் விருந்தாளிக்குக் காட்டும் சிரிப்போடு இருந்தாள். தெருவில் காற்று எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வந்தவராம். கண் எரிச்சல் உண்டா? கிடையாது. இருமல்? வயசானால் இருமல் வராதா என்று ஆலிஸ் திருப்பிக் கேட்டாள். மணலி ஆலைகள் பக்கமிருந்து வாடை ஏதாவது?

“அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நீ பிஸ்கட்டு எட்துக்கோ.”

அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேற்குப் பக்க ஜன்னலின் இடுக்கில் ஈரத் துண்டு திணித்து வைத்திருந்தது. சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. வந்தவர் கட்டங்களில் டிக் போட்டார். ஏதாவது இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு எண் அச்சடித்த சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆலிஸ் அதை மாதா கோயில் காலண்டருக்குப் பின்னால் செருகினாள்.

ஏன் அத்தை அப்படிச் சொன்னீர்கள் என்று ஜானட் கேட்டாள்.

“வூட்டுக்கு வந்தவன்கிட்ட ஒப்பாரி வெக்க சொல்றியா? துண்ட நனச்சி வெச்சா நின்னுட்டுப் போவுது. நாம இன்னா கொறஞ்சா போய்ட்டோம்?”

மாமியார் பேசியது ஜானட் கூட்டங்களில் சொல்லும் வார்த்தைகளையே, அதே தொனியிலேயே. ஜானட் ஜன்னலருகே போய் ஈரத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்த மனிதர் எழுதிக்கொண்டு போன படிவத்தில் இந்தத் துண்டுக்கு ஒரு கட்டம் இல்லை. அவள் எழுதிய நிரலிலும் டப்பாவுக்கு ஒரு கட்டம் இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மேசைக்கடியில் குனிந்து டப்பாவின் வயரை ஜானட்டே பிடுங்கினாள். தன் கையால் கழற்ற மாட்டேன் என்று டில்லிபாபு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மின்விசிறியின் சத்தம் அடங்கியதும் அந்த மூலை ஆளில்லாத வீடு போல ஆனது. காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நாள் இயல்பாக நடக்காது, அளவு கெட்டுவிடும் என்று நினைத்தாள்.

பத்தரை மணிக்கு அளவு நாற்பத்தொன்று. ஹாலில் நாற்காலிகள் பின்னால் நகர ஆரம்பித்தன. டீக்குப் போனவர்கள் திரும்பி வந்து, திரையைப் பார்த்துவிட்டு மறுபடியும் டீக்குப் போனார்கள். டப்பா செத்துவிட்டதா என்று கேட்டவர்களுக்கெல்லாம், அதுக்கு இன்னிக்கு லீவு என்று டில்லிபாபு பதில் சொன்னான். ஜானட் தன் இடத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் சிரமத்தைப் பார்த்து நிம்மதி வருவது அவளுக்குப் புதிதாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

ஒரு மணிக்கு அளவு இருபத்திரண்டு ஆனது. இரண்டு மணிக்குப் பதினான்கு.

டப்பாவை யாரோ மாட்டிவிட்டார்கள் என்று ஓடிப்போய்ப் பார்த்தாள். வயர் அவள் சுருட்டி வைத்தபடியே கிடந்தது. ஹாலைச் சுற்றி நடந்தாள். மூன்றாவது வரிசையில், சேர்ந்து இரண்டு வருடமே ஆன மகிழினி, பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு பென்டிரைவை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வேறு எதையோ போட்டுப் பின்வரிசைக்குக் கொடுத்தார். பதினொரு மணிக்கே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியாகிவிட்டதாம். யார் எந்தப் பாகத்தைச் செய்து முடித்தார்கள் என்று அதில் போட்டுவிடுவார்கள். கேட்டவருக்குப் பென்டிரைவ் கைமாறிப் போய்ச் சேரும்.

“சூப்பரா செட் ஆயிடுச்சுக்கா,” என்றாள் மகிழினி, பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. “சாயங்காலத்துக்குள்ள பத்துக்குக் கொண்டாந்துருவோம்.”

ஜானட்டுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து கண்ணும் கலங்கியது. எவ்வளவு கெட்டிக்காரர்கள். மூணு மணி நேரத்தில் ஒரு கிடங்கையே கையிலிருந்து கைக்குக் கட்டிவிட்டார்கள், ஒருவர் கூட ஹாம்பர்க்குக்கு ஒரு வரி எழுதவில்லை. டப்பாவைக் கழற்றினால் போதும் என்று நினைத்தது எவ்வளவு அப்பாவித்தனம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. இந்த ஹாலில் யாருக்கும் காத்திருக்கத் தெரியாது. அவளுக்கும்தான்.

ஹாலின் நடுவில் போய் நின்றாள். எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்துப் பேசுவது அவள் வழக்கமே இல்லை. பட்டியலைப் பற்றியும், சாம்பல் நிறக் கட்டத்தைப் பற்றியும், முதல் தேதியோடு டப்பாவின் ஆயுள் முடிவதைப் பற்றியும் சொன்னாள். டப்பாவுக்குச் சாவி கொடுத்தது தான் என்பதையும் சொன்னாள். பிறகு, இதுவரை எந்த அலுவலகத்திலும் எந்த லீடும் கேட்டிருக்க முடியாத ஒன்றைக் கேட்டாள்.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் யாரும் சமாளிக்காதீங்க. கஷ்டமா இருந்தா கஷ்டமாவே இருக்கட்டும்.”

பின்வரிசையிலிருந்து அருள்பிரகாசம், “பழக்கமே இல்லையே மேடம்,” என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. டில்லிபாபு டீத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனான். கோயிலில் காணிக்கை எடுக்கிற மாதிரி தட்டை நீட்டினான். பதினொரு பென்டிரைவ்கள் விழுந்தன.

மாலை ஆறு மணிக்கு அளவு முப்பத்தெட்டில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதினாள். ‘உள்ளூர்க் கம்ப்யூட்டர் ஒன்று பயன்பாட்டில் இருந்திருக்கிறது’ என்று ஆரம்பித்தாள். யாரோ வைத்து யாரோ பயன்படுத்தியது போல இருந்தது அந்த வாக்கியம். அழித்தாள். ‘நான்கு வருடங்களாக விதிக்கு மாறாக ஒரு கம்ப்யூட்டரை நான் அனுமதித்தேன்’ என்று எழுதினாள். இவ்வளவு எளிதா இது என்று கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது. கீழே மூன்று எண்களையும் போட்டாள்: டப்பாவோடு நான்கு, எதுவும் இல்லாமல் முப்பத்தெட்டு, பென்டிரைவோடு பதினான்கு. பதினான்கை விட்டுவிடலாம் என்று டில்லிபாபு சொன்னான். அவள் விடவில்லை.

மாலை ஆறரை மணிக்குக் கூட்டம். திட்டத்தை நடத்துபவள் சாபிரா, வண்ணாரப்பேட்டையில் பிறந்தவள், இதே ராயபுரம் அலுவலகத்தில் வேலை பார்த்து ஏழு வருடங்களுக்கு முன் ஹாம்பர்க் போனவள். பாதுகாப்பு விதிகளில் அவள் கறார் என்று எல்லா ஊரிலும் பேர். ஜானட் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டாள்: அதைக் கட்டியது யார்?

அனுமதி என்னுடையது என்றாள் ஜானட். கட்டியது யார் என்று சாபிரா மறுபடியும் கேட்டாள். ஜானட் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்த டில்லிபாபு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நான்தான் என்றான். பிறகு நிற்காமல் பேசினான். நான்கு வருடமாக யார் எதை எடுத்தார்கள் என்று பதிவு இருக்கிறது. தினமும் காலையில் ஹாலைத் திறந்ததும் முதல் வேலையாக, டப்பாவிலிருக்கும் ஒவ்வொரு பாகத்தின் அடையாளக் குறியையும் ஜெர்மனியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவான். ஒத்துப்போகாததை அன்றே தூக்கி எறிவான். ஒரு நாள் தவறியதில்லை. ஜானட்டுக்கே இது தெரியாது. தினமும் அவன் ஏன் எட்டு மணிக்கே வருகிறான் என்று அவள் கேட்டதும் இல்லை.

திரையில் சாபிரா எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கோபத்துக்கு உட்கார இடமில்லாமல் போயிருந்தது. விதிமீறலுக்கு ஜானட்டின் பெயருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றாள். ஜானட் சரி என்றாள். டில்லிபாபு செய்துவந்த ஒப்பிடும் வேலையைப் புதிய கிடங்குகள் எல்லாவற்றுக்கும் எழுதித் தர வேண்டும் என்றாள். பிறகு பட்டியலை மாற்றினாள். முதல் கட்டத்தில் சாண்டோஸும் சென்னையும். டர்பன் மூன்று மாதம் தள்ளி.

டர்பன்காரர் தொண்டையைச் செருமினார். அந்தப் பெட்டியை எப்படிக் கட்டுவது என்று மட்டும் டில்லிபாபு சொல்லித் தந்தால் மூன்று மாதத்தை எப்படியாவது ஓட்டிவிடுவோம் என்று ஆரம்பித்தார். கூடாது என்று சாபிரா சொல்வதற்குள் நான்கு ஊர்களும் சிரித்துவிட்டன. ஜானட்டும் சிரித்தாள். ஆனாலும் அவருடைய மூன்று மாதம் அவளுக்குள் ஒரு ஓரத்தில் உறுத்தியது. திங்கட்கிழமை அவரோடு உட்கார்ந்து வேறு வழி ஏதாவது பார்க்க வேண்டும், விதிக்கு உட்பட்ட வழி, என்று குறித்துக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு சாபிரா இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தாள்.

“அந்த ஹால்ல நானும் மூணு வருஷம் உக்காந்திருக்கேன்,” என்றாள் தமிழில். “ஒரு பில்ட் ஓட விட்டுட்டு மண்ணடி போய் பிரியாணி வாங்கிட்டு வந்துடுவேன். அப்பவே நான் கத்தியிருக்கணும்.”

“ஏன் கத்தல?”

“நல்ல பேரு போயிடுமேன்னுதான், வேற என்ன.”

முதல் தேதி செவ்வாய்க்கிழமையாக வந்தது. புதிய கிடங்கு அம்பத்தூர்ப் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் இருந்தது. டப்பாவிலிருந்து ஒரு பாகம் கூட அதற்குள் போகக் கூடாது என்பது சாபிராவின் கட்டளை. அதனால் காலையில் அது காலியாகவே விழித்தது. முதல் பில்ட் நாற்பது நிமிடம் எடுத்தது. இப்படித்தான் ஆகும், யாரும் பென்டிரைவைத் தொட வேண்டாம் என்று ஜானட் முன்னமே சொல்லியிருந்தாள். யாரும் தொடவில்லை. ஒவ்வொருவர் செய்து முடித்ததும் கிடங்கில் ஏற ஏற, நண்பகலில் எட்டு நிமிடமானது. நாலு மணிக்கு மூன்று. ஹாம்பர்க்குக்கும் மூன்று, சென்னைக்கும் மூன்று. யாரும் கைதட்டவில்லை, எல்லாரும் வேலையில் இருந்தார்கள். டில்லிபாபு டப்பாவின் டிஸ்க்கை அழித்துச் சுத்தம் செய்து, மூடியைத் திருகி வெளியே எடுத்து வைத்தான். மேசைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தான். நான்கு வருடத்துக்குப் பிறகு அங்கே இடம் இருந்தது.

மத்தியானம் மழை பெய்திருந்தது. ஜானட் வீட்டுக்கு வந்தபோது படிக்கட்டிலேயே வாடை எதிர்கொண்டது. உள்ளே ஆலிஸ் மேற்கு ஜன்னலருகே, பிழிந்த துண்டை இடுக்கில் விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். ஜானட் காலண்டருக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து அந்த எண்ணை அழைத்தாள். ஆலிஸ் திரும்பிப் பார்த்தாள். மறுமுனையில் இருந்தவர் பெயர் கேட்டார், தெரு கேட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டபோது ஜானட் தடுமாறினாள். இன்று சாயங்காலம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

ஆலிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள்.

“அலோ. எழுதிக்கோ நைனா. செவ்வாக்கெழமயும் வெள்ளிக்கெழமயும் தப்பாம வரும். விடிகாலம் நாலரைக்கு ஆரம்பிச்சா, கோயில்ல ஆறு மணிப் பூசைக்கு மணி அடிக்கிற வரைக்கும் போவாது. மழ பேஞ்சா சாயங்காலமும் கீது. முட்ட அழுவுன வாட ஒண்ணு. கேஸு வாட வேற, அது தனி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எழுதிடாத.”

ஜானட் மாமியாரைப் பார்த்தபடி நின்றாள். கிழமை, மணி, வகை எல்லாமே அவளிடம் இருந்திருக்கிறது. பிறகு ஜன்னலுக்குப் போய் இடுக்கிலிருந்த ஈரத் துண்டை உருவி எடுத்தாள். வாடை முழு உருவத்தோடு உள்ளே வந்தது. ஆலிஸ் மூக்கைச் சுளித்தாள், ஆனால் துண்டைத் திரும்ப வை என்று சொல்லவில்லை.

“இன்னா கேட்ட? எத்தினி வருசமாவா?” என்றாள் போனில். “பதினெட்டு. எழுதிகினியா?”